ஒன்பது வருஷ ரெய்டு

நொச்சிவிளைக்கும் மேலக்கடம்புக்கும் நடந்த பெண்கள் கபடி இறுதியாட்டத்தில், ஆட்டம் முடிய அரை நிமிஷம் இருக்கையில், நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ‘கபடி கபடி’ என்று பாடியபடி எதிரணிப் பக்கம் போன சுடலைவடிவு, அதற்குப் பிறகு மூச்சை உள்ளே இழுத்தது ஒன்பது வருஷம் கழித்துத்தான். அந்த ஒன்பது வருஷமும் அவளுக்கு இரண்டடி பின்னால், விசிலைப் பல்லில் கவ்விக்கொண்டு, வலது காதை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தவர் நடுவர் வேதமுத்து.

வேதமுத்து நொச்சிவிளை உயர்நிலைப் பள்ளியின் பி.டி. வாத்தியார். தன்னுடைய கல்யாணத்தில் பாதிரியார் ஜெபத்தில் ஒரு வரியை விட்டுவிட்டார் என்று கையைத் தூக்கி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லவைத்த ஆள். பள்ளிக்கூட வாசல் கரும்பலகையில் தினமும் காலையில் விளையாட்டு உலகச் செய்தி ஒன்றைச் சாக்பீஸால் எழுதிப் போடுவார். அதைப் படிக்கிற ஒரே ஆளும் அவர்தான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

அன்றைய ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்குக் காரணம் கபடி அல்ல, பரிசு. வென்ற அணியின் ஏழு பெண்களுக்கும் மாவட்ட ஆவண அலுவலகத்தில் நிரந்தர வேலை என்று அமைச்சர் ஒருவர் மேடையில் அறிவித்து, மாலை வாங்கிக்கொண்டு, மாலை வாடுவதற்குள் ஊரை விட்டுப் போயிருந்தார். மேலக்கடம்பு இருபத்தொன்பது, நொச்சிவிளை இருபத்தெட்டு. மேலக்கடம்பில் ஆறு பேர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்துவிட, உள்ளே நின்றது ஜெபக்கனி ஒருத்திதான். அவளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் அணி முழுதும் அவுட் என்று மூன்று புள்ளி, வடிவின் அணிக்கு ஏழு வேலை, பாட்டு அறுந்தால் ஜெபக்கனியின் அணிக்கு ஏழு வேலை. ஜெபக்கனி கணுக்காலைப் பிடித்தால் உடும்பு மாதிரி. அவள் பிடியிலிருந்து அதுவரை யாரும் போனதில்லை.

ஒரு ரெய்டுக்கு இத்தனை நொடி என்று கணக்கு வைக்காத போட்டி அது. ஒரே மூச்சு, அவ்வளவுதான். நேரம் முடிந்து மணி அடித்தாலும், தொடங்கிய ரெய்டு முடிந்தால்தான் ஆட்டம் முடியும். வடிவு உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற பெண். மறுநாள் காலையில் மறுபடி பாத்திக்குள் இறங்கவேண்டும், அடுத்த மாதம் உப்பளத்துக் கங்காணிக்கு இரண்டாம் தாரமாகப் போகவேண்டும் என்று அவள் அப்பா பேசி முடித்திருந்தார். இந்த இரண்டையும் நினைத்துக்கொண்டே பாடிப் போனவளுக்கு, பாட்டை நிறுத்தத்தான் வேண்டுமா என்று தோன்றியிருக்கிறது. நிறுத்தவில்லை. காரணம் என்று கேட்டால் இவ்வளவுதான் கிடைக்கும்.

முதல் பத்து நிமிஷம் கூட்டம் கைதட்டியது. அரை மணி நேரத்தில் மேலக்கடம்புக்காரர்கள் திருட்டு மூச்சு என்று நாற்காலிகளைத் தூக்கினார்கள். வேதமுத்து தன் வேட்டியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வடிவின் மூக்குக்குக் கீழே பிடித்தார். நூல் வெளிப்பக்கமாகவே ஆடியது. கால் மணி நேரம் பிடித்தார், ஒரு தடவைகூட உள்ளே திரும்பவில்லை. மேலக்கடம்பு தலைவரைக் கூப்பிட்டு அவர் கையில் நூலைக் கொடுத்தார். அவரும் பிடித்துப் பார்த்துவிட்டு, நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வண்டி ஏறினார். ஜெபக்கனியால் போகமுடியவில்லை. கோட்டைத் தாண்டினால் அவுட்.

மாவட்டக் கபடிச் சங்கத்தின் செயலாளர் கோமதிநாயகம் மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையோடு வந்து வேதமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார். வேதமுத்து தனியாக வரமுடியாது என்றதால், அவரும் வடிவின் பின்னாலேயே நடந்துகொண்டு பேசவேண்டியதாயிற்று.

“ஓய் வேதமுத்து, ஒரு ஊது ஊதிரும்வே. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்லா.”

“மூச்சு அறுபடலியே.”

“அறுந்துட்டுன்னு சொல்லும். உம்மைத் தவிர யாருக்குக் கேக்கப் போவுது?”

“எனக்குக் கேக்குல்லா” என்றார் வேதமுத்து.

கோமதிநாயகம் இப்படியும் ஒரு விளையாட்டு உண்டுமா என்று கேட்டார். வேதமுத்து அந்தக் கேள்விக்காகவே இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் மாதிரி ஆரம்பித்தார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ரெண்டு பேர் கட்டிப் புரண்ட ஒரே ஒரு மல்யுத்தம் பதினொரு மணி நாப்பது நிமிஷம் நடந்திருக்கு, ஜெயிச்சவனுக்கு அதுக்கு மேல இறுதிப் போட்டியில எந்திரிச்சு நிக்கச் சீவனில்ல, வெள்ளியோட போயிட்டான். முப்பத்தொம்பதுல டர்பன்ல ஒரு கிரிக்கெட் டெஸ்ட், முடியுற வரைக்கும் ஆடணும்னு ஆரம்பிச்சு, பத்து நாளாயும் முடியாம, ஊருக்குப் போற கப்பல் கிளம்பிரும்னு இங்கிலாந்துக்காரன் பாதியில மூட்டையைக் கட்டிட்டான். அந்தப் பன்னிரண்டாம் வருஷ ஒலிம்பிக்குலயே மாரத்தான் ஓடுன ஒரு ஜப்பான்காரரு, வெயில் தாங்காம ஒரு வீட்டுல நொழஞ்சு பழச்சாறு குடிச்சவரு, யாருக்கும் சொல்லாம ஊருக்குக் கப்பலேறிட்டாரு. அம்பத்து நாலு வருஷம் கழிச்சு அதே ஊருக்கு வந்து மிச்ச ஓட்டத்தை ஓடி முடிச்சாரு. அவரு நேரத்தை வருஷம், மாசம், நாள், மணி, நிமிஷம், நொடின்னு சுத்தமா குறிச்சு வச்சிருக்கான்.

“அவ்வோ வெள்ளைக்காரன்வே” என்றார் கோமதிநாயகம். “ஜப்பான்காரனும் சேத்துதான் சொல்லுதேன்.” பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. வடிவு பாடிக்கொண்டே இட்லி தின்றாள். ‘க’வுக்கும் ‘படி’க்கும் நடுவில் ஒரு விள்ளல் போகும். சேலையை நாலு பேர் மறைத்துப் பிடிக்க, பாடிக்கொண்டே குளித்தாள். தூங்கும்போதும் பாடினாள், செக்குமாடு மாதிரி மெல்ல வட்டம் போட்டுக்கொண்டு. ஜெபக்கனிக்கு மைதான மூலையில் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். அவள் தூங்குகிறபோது வடிவு போய்த் தொட்டிருக்கலாம், வடிவு தூக்கத்தில் நடக்கிறபோது இவள் காலை வாரியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. மேலக்கடம்பில் ஜெபக்கனிக்கு நாலு அண்ணன்கள், நாலு பேருக்கும் சோறு பொங்க அவள் ஒருத்தி; இங்கே அவளுக்குச் சோறு பொங்கி வந்தது. முதல் மாதம் இருவரும் முறைத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் ஜெபக்கனி வடிவுக்குத் தலைபின்னிவிட விரும்பி, தொட்டால் அவுட்டா என்று வேதமுத்துவைக் கேட்க, அவர் விதிப்புத்தகத்தை மூன்று நாள் புரட்டி, முடி உடம்பில் சேர்த்தி, ஆனால் சீப்பு சேர்த்தி அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து ஒன்பது வருஷமும் இரண்டு சீப்புகளை வைத்து, விரல் படாமல் பின்னினாள்.

வடிவின் வாயிலிருந்து வரும் ‘கபடி’யில் பதினான்கு வகை இருப்பதை ஜெபக்கனி கண்டுபிடித்தாள். பசி, கோபம், பக்கத்து வீட்டு ஆள் வருகிறான் சேலையைச் சரிசெய் என்கிற எச்சரிக்கை, சிரிப்பு, எல்லாம் அந்த ஒரே சொல்லில் ஏறி இறங்கி வந்தது. ஜெபக்கனி அதைக் கேட்டு ஊருக்குச் சொல்வாள். வேதமுத்துவுக்கு ஒரே வகைதான் கேட்டது: அறுபடாதது.

அவருக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுவரும் மனைவி ரத்தினபாய் ஒருநாள் கூடையைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “கட்டி இருபத்தி மூணு வருஷமாச்சு. நான் பேசுனதை ஒரு நாளு, ஒரு மணி நேரம், இப்படிக் காதைச் சாச்சுக் கேட்டிருப்பீயளா?”

வேதமுத்துவின் காது வடிவின் பக்கமே சாய்ந்திருந்தது. அவருக்கு அந்த நேரத்தில் வேலை இருந்தது. ஆனால் அன்றைக்குச் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிக்கொண்டார்.

கங்காணி ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஒரே ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசாத பெண் நொச்சிவிளையில் இருக்கிறாள் என்ற செய்தி ஏழு தாலுகாவுக்கும் பரவ, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து, அம்பாசமுத்திரத்திலிருந்து, நாகர்கோவிலிலிருந்துகூட வேன் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மைதான ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, காப்பி குடித்து, வடிவு நாலு சுற்றுச் சுற்றுவதைப் பார்த்து, ஒருத்தரையொருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். ஒரு மாமியார்க்காரி வேதமுத்துவிடமே வந்து, கல்யாணத்துக்கு அப்புறமும் இது நிக்காதுல்லா சார் என்று உறுதி கேட்டாள். ரெய்டில் இருக்கிறவளை வெளியாள் தொடக்கூடாது, தாலி கட்டினால் தொட்டதாகும் என்று வேதமுத்து சொல்லித்தான் அவர்களை வண்டியேற்றினார்.

முதல் தேர்தலில் ஒரு கட்சி ரெய்டை முடித்துவைப்போம் என்றது, இன்னொரு கட்சி ரெய்டை என்றென்றும் தொடரச் செய்வோம் என்றது. முடித்துவைப்போம் என்ற கட்சி ஜெயித்து, பார்வையாளர் மேடைக்கு ஒரு கூரை போட்டது. கூரையைவிடக் கூரையில் எழுதியிருந்த பெயர்கள் அகலமாக இருந்ததால் மழைக்குப் பெயர்களுக்குக் கீழேதான் ஆட்கள் ஒதுங்கினார்கள். பேருந்து நிறுத்தத்துக்குக் கபடி நிறுத்தம் என்று பெயர் வந்தது. தொட்டில் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகி, வேறு ஊர்களுக்கு விருந்து போனால் தூங்காமல் அழுதன. நாலாவது வருஷம் உலகச் சாதனைகளை எழுதுகிற புத்தகம் ஒன்றின் ஆள் பெட்டியும் கேமராவுமாக வந்தார். மூன்று நாள் தங்கி, நூலைப் பிடித்துப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பதிய முடியாது என்றார். முடிந்த நேரம் என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் செல்லாதாம். உலகத்திலேயே நீளமான ரெய்டு நீளமாக இருப்பதால் சாதனை ஆகவில்லை. அவர் போகிற வழியில், பக்கத்து ஊரில் ஒரே நிமிஷத்தில் நாற்பத்தொரு வாழைப்பழம் உரித்த ஒருவரைப் பதிந்துகொண்டு போனார்.

இப்படியே ஒன்பதாவது வருஷம் வந்தது. வேதமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகிப் பணி ஓய்வு. ஒன்பது வருஷமும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மைதானத்தில் நின்ற நாட்களைப் பணிநாளாகக் காட்ட ஒரு சான்று வேண்டுமென்று கேட்டார்கள். ஆட்டத்தை ஒரு பொழுது பார்த்துக்கொள்ளச் சக பி.டி. வாத்தியார் ஒருவரை நிறுத்திவிட்டு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வேதமுத்து மைதானத்தை விட்டு வெளியேறி, இருபத்திரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் போய், டவுனில் மாவட்ட ஆவண அலுவலகத்தின் படியேறினார். காதில் அந்தச் சத்தம் இல்லாததால் அவருக்கு நடக்கும்போது லேசாகத் தள்ளாடியது.

மேசைக்குப் பின்னால் பெரிய மீசை வைத்த ஆள் ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வேதமுத்து சொன்னதைக் கேட்டு, ஒரு கோப்புக் கட்டை உருவித் தூசி தட்டி, ஒரு தாளை எடுத்தார்.

“நொச்சிவிளை இறுதியாட்டம். அது அன்னைக்கே முடிஞ்சிட்டே.”

“முடியலிங்க. இப்பவும் நடந்துகிட்டிருக்கு.”

“ரெக்கார்டுல முடிஞ்சிட்டு சார். சாயங்காலம் அஞ்சு நாப்பத்திரண்டு. மேலக்கடம்பு வெற்றி. நடுவர் கையெழுத்து, வேதமுத்துன்னு இருக்கு. நீங்கதானே?”

வேதமுத்து தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து அவருடையதைவிட அழகாக இருந்தது. கீழே வென்ற அணியின் ஆட்டக்காரர்கள் ஏழு பேர். ஜெபக்கனி பெயர் இல்லை. மேலக்கடம்புப் பெண்களில் ஒருத்தி பெயரும் இல்லை. முதல் பெயர் மா. முருகேசன். இரண்டாவது சு. பால்ராஜ். ஏழில் ஆறு ஆண் பெயர், ஏழாவது கோமதிநாயகத்தின் மச்சினி. வேதமுத்து தலையைத் தூக்கினார். மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையில் மா. முருகேசன் என்று எழுதியிருந்தது.

“பெண்கள் கபடியில நீங்க எந்த இடத்துல ஆடுனிய?” என்று கேட்டார் வேதமுத்து.

முருகேசன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “வலது கார்னர்” என்றார்.

“அப்ப என் மைதானத்துல ஒன்பது வருஷமா பாடிக்கிட்டிருக்காளே, அவ?”

“அது பயிற்சியா இருக்கும் சார்.”

வேதமுத்து பஸ்ஸில் திரும்பிவரும்போது தேம்பி அழுதார். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலை மூடினார், தூசி என்று நினைத்து. ஒன்பது வருஷத்தில் ஒரு நொடிகூடத் தவறவிடாத தன் காதை நினைத்து அழுதார், அந்தக் காதால் கேட்காமல் போன ரத்தினபாயின் பேச்சையெல்லாம் நினைத்தும் அழுதார். கபடி நிறுத்தத்தில் இறங்கியபோது கண் காய்ந்திருந்தது.

மைதானத்துக்குள் போய் இரண்டு பெண்களிடமும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஜெபக்கனி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வடிவு சுற்றுவதை நிறுத்தவில்லை, ஆனால் அவள் ‘கபடி’ ஜெபக்கனி அதுவரை கேட்டிராத பதினைந்தாவது வகையாக மாறியது.

“என்ன சொல்லுதா?” என்று கேட்டார் வேதமுத்து.

“அது எங்க இருக்குன்னு கேக்கா சார். அந்த ஆபீஸு.”

அன்றைக்கு மிச்சப் பொழுது முழுதும் வேதமுத்து விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்தார். தாளில் பெயர் இருக்கிறவன் ஆட்டக்காரன். ஆட்டக்காரன் கோட்டுக்குள் இருக்கவேண்டும். ஏழு பேர் கோட்டுக்கு வெளியே இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், ஒன்று அவர்கள் மைதானத்துக்கு வரவேண்டும், இல்லை மைதானம் அவர்களிடம் போகவேண்டும். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி கிடைத்தது: உள்ளூர் வசதிக்கேற்ப மைதானத்தின் அளவை நடுவர் கூட்டிக்கொள்ளலாம். ரத்தினபாயைக் கூப்பிட்டு அந்த வரியை வாசித்துக் காட்டி, நீ என்ன நினைக்கே என்று கேட்டார். அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். அவர் முழுதும் கேட்டார். கடைசியில் அவள், சுண்ணாம்புத்தூள் பத்து மூட்டையாவது வேணும் என்றாள்.

மறுநாள் விடிந்ததும் வேதமுத்து மேலக்கடம்புப் பக்கத்து எல்லைக்கோட்டைக் காலால் அழித்தார். ரத்தினபாய் மாட்டுவண்டியில் மூட்டைகளோடு வர, இரண்டு பக்கக் கோடுகளையும் மைதானத்தைத் தாண்டி, கபடி நிறுத்தத்தைத் தாண்டி, நெடுஞ்சாலை நெடுக நீட்டிக்கொண்டே போனார். அந்த வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே வடிவு பாடிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு முன்னால் பத்தடி தள்ளி ஜெபக்கனி பின்வாங்கிக்கொண்டே நடந்தாள், ஆட்டம் ஆட்டம்தான் என்பதால். ஒன்பது வருஷமாக அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்த ஊர், சத்தம் தூரமாகப் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பியது. லாரிகள் கோட்டுக்கு வெளியே ஒதுங்கி நின்றன. ஒரு போலீஸ்காரர் மறித்தபோது வேதமுத்து, உம்ம பேரு தாளில் இருக்கா, இல்லையென்றால் மைதானத்துக்குள் நிற்கக்கூடாது என்றார். அவர் நகர்ந்துகொண்டார்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆவண அலுவலகத்தின் படியிலும் நடைகூடத்திலும் வேதமுத்து சுண்ணாம்புக் கோடு போட்டார். வடிவு உள்ளே போனாள். முருகேசன் நாற்காலியை விட்டு எழுந்து யாரம்மா நீ என்று கேட்பதற்குள் அவர் தோளைத் தொட்டாள். பால்ராஜைக் கோப்பு அலமாரிக்குப் பின்னால் தொட்டாள், இரண்டு பேரைத் தேநீர் கடையிலிருந்து திரும்புகிற வழியில் தொட்டாள், ஒருவரைத் தூக்கத்தில் தொட்டாள். மச்சினி கழிவறைக்குள் தாழிட்டுக்கொள்ள, கதவுக்குக் கீழே விரலை விட்டு அவள் கால்விரல் நுனியைத் தொட்டாள். மிச்சமிருந்த ஆள் அன்றைக்கு விடுப்பு. ஆனால் வெளியே கூட்டம் என்றதும் என்ன வேடிக்கை என்று பார்க்க வந்திருந்தார், அவரையும் தொட்டாள். வேதமுத்து ஏழு விரலை நிமிர்த்திக் காட்டினார்.

ஆனால் தொட்டது கணக்கில் ஏற, தொட்டவள் நடுக்கோட்டுக்குத் திரும்பவேண்டும். அது இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதற்குள் பிடித்துவிட்டால் ஏழு பேரும் பிழைத்தார்கள், ரெய்டர் அவுட். இந்த விதியைக் கோமதிநாயகம் வந்து அவர்களுக்கு விளக்கியதும் ஏழு பேரும் அவளைத் துரத்த ஆரம்பித்தார்கள். ஒன்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்புகள் அலுவலக வாசலைத் தாண்டவில்லை. முருகேசன் மட்டும் அடுத்த தெரு வரை ஓடி, ஒரு தையல் கடைப் படியில் உட்கார்ந்து, தெருமுனைப் பிள்ளையார் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அணியில் மிச்சம் ஜெபக்கனிதான்.

திரும்பும் வழியெல்லாம் கோமதிநாயகத்தின் ஜீப் கோட்டுக்கு வெளியே ஜெபக்கனியோடு ஊர்ந்தது. அவர் ஜன்னல் வழியாகத் தட்டச்சு செய்த தாளை ஆட்டிக் காட்டினார்.

“எம்மா, உன் பேருக்கு ஆர்டர் அடிச்சாச்சு. நிரந்தர வேலை. ஒரு பிடி பிடிச்சிரு. உன் வேலையே அதுதானே.”

“இதுக்கு முந்தி என் பேரை எங்க போட்டு வச்சிருந்திய?”

“விட்டுப்போச்சும்மா. டைப்பு அடிக்கவன் தப்பு.”

ஜெபக்கனி தாளை வாங்கிப் படித்தாள். அவள் பெயர் சரியாக, எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. வேதமுத்து அதைக் கவனித்தார். அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நடுவருக்கு எந்தப் பக்கமும் அடித்துக்கொள்ளக்கூடாது என்பதால் அதையும் அடக்கிக்கொண்டு நடந்தார்.

நொச்சிவிளை மைதானத்துக்குள் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வடிவின் பாட்டு இப்போது நூல் மாதிரி மெலிந்திருந்தது. வேதமுத்து காதை அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக் கேட்டார். நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரம் இருக்கையில் அவள் கால் இரண்டும் மடங்கி மண்ணில் விழுந்தாள். கையை நீட்டினாள். எட்டவில்லை. வாய் மட்டும் கபடி கபடி என்று மண்ணை ஊதிக்கொண்டிருந்தது.

ஜெபக்கனி வந்து அவள் காலருகே குத்தவைத்து உட்கார்ந்தாள். ஏழு தாலுகா ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் ஜீப்பிலிருந்து இறங்கி, கோட்டோரம் நின்று ஆர்டரை உயர்த்திப் பிடித்தார்.

“ஏட்டி வடிவு” என்றாள் ஜெபக்கனி. “பிடிச்சா எனக்கு வேலை. விட்டா எங்க அண்ணன்மாருக்குச் சோறு பொங்கப் போவணும். நீ கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு உனக்குத் தெரியும்லா, பெறவு ஏன் இந்த முழி முழிக்க.”

அவள் வடிவின் கணுக்காலைப் பிடித்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் விரல் வடிவின் மேல் பட்டது. உடும்புப் பிடி. கோமதிநாயகம் சிரித்தார். ஜெபக்கனி அந்தக் காலைத் தூக்கி, வடிவை அப்படியே ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி, பாதத்தை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக வைத்தாள்.

வேதமுத்து ஊதினார். பிடித்திருக்கையில் ரெய்டர் கோட்டைத் தொட்டால் பிடித்தவளும் அவுட். தாளில் இருந்த ஏழு, மண்ணில் இருந்த ஒருத்தி, மொத்தம் எட்டு. ஏழு பேர் ஆடவேண்டிய அணியில் எட்டாவது எப்படி வந்தது என்பதற்குச் சங்கம்தான் பதில் சொல்லவேண்டும் என்று அவர் உரக்க அறிவித்தார்.

வடிவு மூச்சை உள்ளே இழுத்தாள். ஒன்பது வருஷ மூச்சு. கோட்டுச் சுண்ணாம்பு எழும்பியது, பார்வையாளர் மேடையின் தோரணம் அவள் பக்கம் சாய்ந்தது, கோமதிநாயகத்தின் கையிலிருந்த ஆர்டர் பிய்த்துக்கொண்டு பறந்து வந்து அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள் அவள் முதல் வார்த்தைக்காக நெருங்கி வந்தார்கள்.

“காலை விடுட்டி” என்றாள் வடிவு. “நகம் குத்துது.”

மறுநாள் வேதமுத்து சரியான தாளில் சரியான கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேலதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வந்து விசாரித்து, முருகேசன் முதலான ஏழு பேரையும் பதவி உயர்வு கொடுத்து வேறு மாவட்டங்களுக்கு மாற்றினார். கோமதிநாயகத்துக்கு உலகத்தின் நீளமான ரெய்டை நடத்தியதற்காக மாநில விருது கிடைத்தது. நொச்சிவிளைப் பெண்கள் வேலை கேட்டுப் போய் நின்றபோது, பழைய ரெக்கார்டைத் திருத்தச் சட்டத்தில் இடமில்லை என்று மேலதிகாரி கையை விரித்தார். வென்ற அணியின் முதல் ஆட்டக்காரர் மா. முருகேசன் என்று பதிவாகிவிட்டது; வென்ற அணியின் முதல் ஆட்டக்காரி வடிவு என்று இப்போது ருசுவாகியிருக்கிறது; ஆகவே வடிவு முருகேசனாக வந்து உட்காருவதில் துறைக்கு ஆட்சேபம் இல்லை என்றார். நொச்சிவிளை அணியின் ஏழு பேரில் இரண்டு பேர் வளைகுடாவில் இருந்தார்கள், ஒருத்தி வேண்டாம் என்றாள். மிஞ்சிய நாற்காலிகளில் ஒன்றில் வடிவு ஜெபக்கனியை உட்காரவைத்தாள், பால்ராஜாக. யாரும் கேட்கவில்லை.

நாலு வருஷம் கழித்து வேதமுத்து அந்த அலுவலகத்துக்கு மறுபடி போனார். இரண்டு மாதமாக அவருக்கு ஓய்வூதியம் வரவில்லை. ரத்தினபாய் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே படியேறினார். மேசைக்குப் பின்னால் மா. முருகேசன் என்ற பலகையை வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, கொஞ்சம் சதை போட்டு, வடிவு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று கும்பிட்டாள். கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“சார், ரெக்கார்டுல நீங்க போன தை மாசமே இறந்துட்டிய.”

“அப்படியா” என்றார் வேதமுத்து. நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தார்.

“சாட்சி கையெழுத்து ரெண்டு இருக்கு சார். திருத்த முடியாது.”

ரத்தினபாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வடிவு கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். மேற்படி நபர் இன்று நேரில் வந்தார், உயிரோடிருக்கிறார், என்னால் அறியப்பட்டவர் என்று எழுதி, கீழே மா. முருகேசன் என்று கையெழுத்துப் போட்டு, அடுத்த மேசைக்குத் தள்ளினாள். ஜெபக்கனி அதைப் படித்துப் பார்க்காமலேயே, சாட்சி, சு. பால்ராஜ் என்று போட்டாள்.

“இது செல்லுமா?” என்று கேட்டார் வேதமுத்து.

“இல்லாத ரெண்டு பேரு போட்டதுதான் சார் இங்க செல்லும்” என்றாள் வடிவு, முத்திரையை மையில் தோய்த்துக்கொண்டே.